பாய்க்குக் கீழே இருந்த தலைவர்

1

ஊரிலிருந்து டெலிபோன் எடுப்பவர்கள் முதலில் கேட்பது "அங்கை என்ன புதினம்?" என்பதுதான். "ஒண்டுமில்லை, எல்லாரும் சுகம்" என்று சொல்லிவிடுவேன். சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிற இடத்தில், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து கதைக்கிறவர்களிடம், ஒஸ்லோவில் எங்களுக்கு ஒரு கஷ்டம் என்று சொல்ல வாய் வருமா? எனக்கு வரவில்லை. ஆனால் போன மாரியில் எங்கள் வீட்டிலும் ஒரு புதினம் இருந்தது. ஒரு வருடமாக அதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அக்கா, நீ இதை வாசித்தால் கோபிக்காதே. சொன்னால் நீ நித்திரை கொள்ளமாட்டாய் என்றுதான் மறைத்தேன்.

என் மகள் அபி காரால் ஒரு மனுசியை மோதிவிட்டாள்.

கார்த்திகை மாதம், பின்னேரம் நாலு மணி. இங்கே அந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. அபிக்குப் பத்தொன்பது வயது, தாதிப் படிப்பில் முதல் வருடம், லைசென்ஸ் எடுத்து மூன்று மாதம். கார் என்னுடையது. புருசெத்தில் எங்கள் மாடி வீடுகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாதசாரிக் கடவை இருக்கிறது. கடைச் சாமான் பையோடு அதைக் கடந்துகொண்டிருந்த வயதான நோர்வேப் பெண்ணை அவள் கடைசி நேரத்தில்தான் கண்டாள். பிரேக் பிடித்தாள், கார் வழுக்கிவிட்டது. அந்த அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அபி குடித்திருக்கவில்லை. டெலிபோனில் கதைத்துக்கொண்டு ஓடவில்லை. வேகமாகவும் ஓடவில்லை. யாரோ ஒரு நீதவான் என் முன்னால் இருப்பதுபோல இதையெல்லாம் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எனக்குள்ளே சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்குப் பயம் பிறவிக் குணம். ரயில் இரண்டு நிமிடம் பிந்தினாலே வேலை போய்விடும் என்று நினைக்கிறவன். இப்போது உண்மையிலேயே பயப்பட ஒரு காரணம் கிடைத்துவிட்டது, விடுவேனா?

2

இந்த நாட்டில் எதற்கும் ஒரு படிவம் உண்டு. காப்புறுதிக்காரர் அனுப்பிய படிவத்தில் ஒரு வெறும் கட்டம் போட்டு, விபத்தை இதற்குள் வரைந்து காட்டவும் என்று எழுதியிருந்தது. அபி சாப்பாட்டு மேசையில் இருந்து, அடிமட்டம் வைத்து வீதியை வரைந்தாள். கடவையின் கோடுகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். காருக்கு ஒரு சின்னப் பெட்டி. அந்த அம்மாவுக்கு ஒரு வட்டம் போட வேண்டும். பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள். பிறகு எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வட்டத்தை நான்தான் போட்டேன்.

பொலிஸ் விசாரணைக்குக் கடிதம் வந்தபோது நானும் கூடப் போனேன். டை கட்டிக்கொண்டு போனேன். ஒரு இளம் பெண் அதிகாரி வந்து அபியின் பெயரைக் கூப்பிட்டாள். நானும் எழும்பினேன்.

"நீங்கள் யார்?"

"தகப்பன்."

"அவருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நீங்கள் இங்கே இருக்கலாம். கோப்பி அந்த மெஷினில் இருக்கிறது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒன்றரை மணித்தியாலம் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபி வெளியே வந்தாள்.

"என்ன கேட்டவை?"

"நடந்ததைக் கேட்டவை."

"நீ என்ன சொன்னனி?"

"நடந்ததைச் சொன்னனான்."

அவ்வளவுதான். நான் எனக்குத் தெரிந்த நாலு பேரிடம், என் பிள்ளைக்கு என்று சொல்லாமல், வேறு யாருக்கோ நடந்ததுபோல விசாரித்தேன். தாதி வேலைக்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும், வழக்கு விழுந்தால் படிப்பு போச்சு என்று ஒருவர் சொன்னார். இதுக்கெல்லாம் போகாது என்று இன்னொருவர் சொன்னார். நான் முதலாமவரை நம்பினேன்.

படிப்பைவிடப் பெரிய பயம் வீட்டுக்குள் இருந்தது. அபி சாப்பிடுவதில்லை. தட்டில் சோற்றைக் கிண்டிவிட்டு எழும்பிவிடுவாள். காரைத் தொடமாட்டாள், அது போகட்டும். வீதியையே கடக்கமாட்டாள். ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிடத்தில் போகலாம். அவள் சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரைக்கும் நடந்து, அதற்குள்ளால் மறுபக்கம் போய், அரை மணித்தியாலம் சுற்றிப் போனாள். பிறகு வகுப்புக்குப் போவதையே விட்டுவிட்டாள். நான் ஏதாவது சொன்னால், "அப்பா, ஸ்லாப் அவ்" என்பாள். சும்மா இருங்கோ என்பதற்கு இந்த நாட்டுப் பிள்ளைகள் சொல்வது. சின்னனில் என் தோளில் நித்திரையான பிள்ளை எனக்கு இரண்டு நோர்வேஜியச் சொல்லோடு கதவைச் சாத்துகிறாள்.

என் மனைவி ராணிக்கு வேறு யோசனை.

"இஞ்சேருங்கோ, ஒருக்காப் போய்ப் பாக்கவேண்டாமே? மனுசி படுக்கையில கிடக்குது. எங்கட ஆக்கள் எண்டால் இதுக்குள்ள எத்தினை தரம் போயிருப்பம்."

"காப்புறுதிக்காரி போகவேண்டாம் எண்டவள். தாங்கள் பாப்பினமாம்."

"அவள் சொல்லுவாள். அவளின்ர பிள்ளையே சாப்பிடாமக் கிடக்குது?"



3

இனிச் சியோனேயைப் பற்றிச் சொல்லவேண்டும். சியோனே என்னோடு வேலை செய்கிறவன், சமோவாக்காரன். கப்பலில் வேலை செய்து, நோர்வேக்காரியைக் கட்டி, இங்கே வந்து சேர்ந்தவன். சமோவா எங்கே இருக்கிறது என்று கேட்டால், வேலையிடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளியைக் காட்டுவான். அது தீவா, ஈ இருந்த அடையாளமா என்று நான் பகிடி பண்ணுவேன். உன்ரை தீவு பெரிசோ என்பதுபோல இலங்கையைத் தன் சுண்டுவிரலால் மூடிக் காட்டுவான்.

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் இடம் எங்களுடையது. பெரிய உருளை இஸ்திரி மெஷினுக்குள் விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு தலைப்பை நான் பிடிப்பேன், மறு தலைப்பை அவன் பிடிப்பான். ஒரு நாளைக்கு அறுநூறு எழுநூறு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிய வேலை. அப்படிப்பட்ட ஆளிடம் எதையும் மறைக்க முடியாது. இரண்டாம் வாரம் கேட்டுவிட்டான். நானும் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டு பேருக்கும் உடைந்த நோர்வேஜிய மொழி. உடைந்ததும் உடைந்ததும் சேர்ந்தால் நன்றாகவே விளங்கும்.

அவன் உடனே ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். அப்பா செத்துச் சரியாக ஒரு வருடம் ஆகிற நேரம் அது.

சியோனேயின் அப்பா ஒரு மத்தாய். அப்படியென்றால் குடும்பத் தலைவர். எங்கள் ஊர் மாதிரி நாலு பேர் உள்ள குடும்பம் இல்லை. முந்நூறு, நானூறு பேர் உள்ள வம்சம். அந்தப் பட்டம் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கி வருவதில்லை. முழு வம்சமும் கூடியிருந்து கதைத்துத் தெரிவுசெய்யவேண்டும். பழைய தலைவருக்கு ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்தும், ஆறு நாள் வாக்குவாதப்பட்டு, தங்கச்சியின் மகனான இவரைத் தெரிவுசெய்தார்களாம். காரணம், மாமா படுக்கையில் விழுந்த காலத்தில் கூட இருந்து அவருக்குச் சமைத்துப் போட்டுத் தோட்டம் செய்தவர் இவர்தான். பட்டம் கிடைத்த அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் போய்விட்டது. பட்டத்தின் பெயர்தான் பெயர். அதற்குப் பிறகு அவரைச் சின்ன வயதுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லை.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். தீவை ஆண்ட நியூசிலாந்துக்காரர் விட்டுப் போன காலத்தில், அவர்களோடு மேசையில் இருந்து பேசியவர்களில் அவரும் ஒருவர். பிறகு பாராளுமன்றம், பிறகு மந்திரி. கொடி பறக்கிற கார். "ஆனால் சனிக்கிழமை காலையில் ஊருக்கு வந்துவிடுவார்," என்றான் சியோனே. "வேட்டிபோல ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கிழங்கு நடுவார். மந்திரி என்று யாராவது தேடி வந்தால், முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவார். நட்டு முடியாமல் திரும்பமாட்டார்."

அவர் மந்திரியாக இருந்த காலத்தில், அவருடைய அக்காவின் மகன் லொறி ஓட்டிப்போய்ப் பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பிள்ளையை அடித்துவிட்டான். பிள்ளை செத்துவிட்டது.

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

"அடுத்த நாள் விடியமுன்னம் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்," என்றான். "எனக்குப் பன்னிரண்டு வயது. செத்த பிள்ளையின் வீட்டு வாசலில் எல்லோரும் நிலத்தில் இருந்தோம். எங்கள் பக்கம் விறகும் கல்லும் இலையும் கொண்டுபோயிருந்தோம். எங்களை வெட்டி, இந்த விறகில் அவித்தாலும் நியாயம்தான் என்று அதற்கு அர்த்தம். அப்பா தலையில் பாயைப் போர்த்துக்கொண்டு குனிந்தார்."

தாழை ஓலையை நூல்போலக் கிழித்துப் பின்னிய பாய். மாதக் கணக்கில் பின்னுவார்களாம், துணிபோல மெத்தென்று இருக்குமாம். அவர்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, தூண்கள் மட்டும்தான். உள்ளே இருந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தி வைத்திருந்தார்கள். பிள்ளையின் தாய் கத்திக் குழறுவதும் கேட்டது. வெயில் ஏறியது. வெள்ளைக்காரனோடு மேசையில் இருந்து வாதாடிய மனிதன் ஒரு சொல் பேசாமல் பாய்க்குக் கீழே இருந்தார். மத்தியானம் திரும்பிய பிறகு பிள்ளையின் தகப்பன் இறங்கி வந்து பாயைத் தூக்கினான். தூக்கினால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம்.

"தூக்காமல் விட்டிருந்தால்?"

"இருந்திருப்போம்," என்றான் சியோனே.

மணி அடித்தது. எழும்பி விரிப்பின் தலைப்பைப் பிடித்தோம். அப்படிப் பாய்க்குக் கீழே இருந்து மன்னிப்புக் கேட்பதற்கு இஃபோங்கா என்று பெயர் என்று மெஷின் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னான். எனக்கு அதற்கிடையில் என்ன செய்யவேண்டும் என்று முடிவாகிவிட்டது.

4

முடிவு அவ்வளவு சுறுக்காக வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் பதினாறு வயதில் சைக்கிளில் கையை விட்டு ஓடிப்போய், எங்கள் சந்தியில் தபால்காரரை இடித்து விழுத்தினேன். அவருடைய கை முறிந்தது. நான் வீட்டுக்கு ஓடிவந்து ஒளித்துக்கொண்டேன். அப்பா சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "கதைச்சிட்டன், போய்ச் சாப்பிடு" என்றார். அதோடு முடிந்தது. தகப்பன் என்றால் இதுதான் என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது.

5

படிவத்தில் அந்த அம்மாவின் பெயரும் விலாசமும் இருந்தன. அவருடைய பெயர் போர்க்ஹில். கணவரின் பெயர் ஆர்னே. ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். அபிக்குச் சொல்லவில்லை. ராணி பயத்தம் பணியாரம் சுட்டு ஒரு பெட்டியில் போட்டுத் தந்தாள். நோயாளியின் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது.

மரத்தாலான வரிசை வீடு. மணி அடிக்கலாம். ஆனால் சியோனேயின் அப்பா மணி அடிக்கவில்லையே. குற்றம் செய்தவன் கதவைத் தட்டி உரிமையோடு நிற்கக்கூடாது, அவர்களாகப் பார்த்து வரவேண்டும் என்று எனக்குப் பட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கேற்றுக்கு வெளியே பனியில் நின்றேன். அவர்களைப்போல நிலத்தில் இருப்பதற்குத் துணிவு வரவில்லை. பாய் வேறு இல்லை.

பத்து நிமிடம் போனது. காது விறைத்தது. நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் நின்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் போய், திரும்பி வந்து, யாரையாவது தேடுகிறீர்களா என்றாள். இல்லை என்றேன். அவள் டெலிபோனைக் கையில் எடுத்தாள். ஒரு கறுத்த மனுசன் கையில் பெட்டியோடு தொப்பியில்லாமல் ஒரு வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றால் அவள்தான் பாவம் என்ன செய்வாள்? அந்த நேரம் திரைச்சீலை அசைந்தது. ஜன்னல் திறந்தது. உயரமான கிழவர்.

"நாங்கள் ஒன்றும் வாங்குவதில்லை," என்றார்.

நான் யார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்க வந்ததாகச் சொன்னேன். வழியெல்லாம் பாடமாக்கி வைத்திருந்த வசனத்தையும் சொன்னேன்: அவள் என் பிள்ளை, கார் என் கார், குற்றம் முழுக்க என்னுடையது, கோபத்தை என்னிடம் காட்டுங்கள்.

அவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நீங்கள் காரில் இருந்தீர்களா?"

"இல்லை."

"மகளுக்கு எத்தனை வயது?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது," என்று அவரும் சொன்னார். "என் மனைவி மூன்று வாரமாக ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து ஒன்றைத்தான் கேட்கிறாள். அந்தப் பெண் யார், ஏன் ஒரு தடவைகூட வரவில்லை என்று. அவளுக்கு உங்களைத் தெரியவேண்டாம்."

பெட்டியை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். குளிர் உள்ளே வருகிறது என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். மரியாதையாகத்தான் சாத்தினார். மரியாதையாகச் சாத்திய ஜன்னலுக்கு முன்னால் நிற்பதைப்போல அவமானம் வேறு இல்லை.

ரயிலில் வரும்போது பணியாரத்தைத் தின்றேன். பதின்மூன்று பணியாரம். திரும்பக் கொண்டுபோனால் ராணி கேட்பாள்.

6

கதவைத் திறந்தால் அபி நடையில் நிற்கிறாள். ராணி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"என்னப்பா சொன்னவை?"

முகம் சுருங்கி, கண் உள்ளே போய், என் பிள்ளையா இது என்று இருந்தது. அந்த முகத்துக்கு நான் என்ன சொல்ல? சத்தியமாக யோசிக்கவில்லை. வாயில் வந்தது.

"கதைச்சிட்டன். அவைக்கு ஒரு கோபமும் இல்லை. மன்னிச்சிட்டினம். நீ போய்ச் சாப்பிடு."

அபி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு. அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை வகுப்புக்குப் போனாள். ராணி சாமிப் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். நான் மட்டும் தட்டில் சோற்றைக் கிண்டிவிட்டு எழும்பினேன். அந்த அம்மா எங்காவது கடையில் அபியைக் கண்டால்? ஆர்னே டெலிபோன் எடுத்தால்? பொலிஸ் கேட்டால்? மணி அடிக்கிற நேரமெல்லாம் நான்தான் முதலில் ஓடிப்போய் எடுத்தேன்.

புதன்கிழமை அபி ஒரு அட்டையோடு வந்தாள். பூப் படம் போட்ட அட்டை. உள்ளே முத்து முத்தாக எழுதியிருந்தாள்: என்னை மன்னித்ததற்கு நன்றி, நீங்கள் நல்ல மனிதர்கள்.

"விலாசம் உங்களுக்குத் தெரியும்தானே, ஒருக்கா போஸ்ட் பண்ணிவிடுங்கோ."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். போஸ்ட் பண்ணினேனா? எப்படிப் பண்ணுவேன்? நாலு நாள் அந்த அட்டை என் வேலைச் சட்டைக்குள் கிடந்தது. "போட்டிட்டியளே?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய். நாற்பத்தேழு வயது மனுசன்.

7

"கேற்றில் நின்றாயா?" என்றான் சியோனே. எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"உன் அப்பா செய்ததைத்தானே செய்தேன். பாய் மட்டும்தான் இல்லை. உங்கள் ஆட்கள் தூக்குவார்கள், இவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்."

"மகள் எங்கே நின்றாள்?"

"மகள் வீட்டில்."

சியோனே விரிப்பின் தலைப்பை விட்டுவிட்டான். விரிப்பு கோணலாக உள்ளே இழுபட்டு மெஷின் நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் தூரத்தில் இருந்து கையைக் காட்டினார்.

"அப்பாவோடு லொறி ஓட்டிய மருமகனும் அதே பாய்க்குக் கீழேதான் இருந்தான்," என்றான். "அவன் வரமாட்டேன் என்று அழுதவன். அப்பா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தார், காலையில் இருந்து மத்தியானம் வரைக்கும். அவனில்லாமல் போய் அப்பா எதற்கு இருப்பது? அது அவன் கொன்ற பிள்ளை."

"நீ அதைச் சொல்லவில்லையே."

"நீ கேட்கவில்லை. தூக்காமல் விட்டிருந்தால் என்றுதான் கேட்டாய்."

ஓம், அதைத்தான் கேட்டேன். எனக்குத் தேவைப்பட்ட பாதியைக் கேட்டுவிட்டு, மணி அடித்ததும் எழும்பிவிட்டேன். சிக்கிய விரிப்பை இரண்டு பேருமாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தபோது தபால்காரருடைய ஞாபகம் வந்தது. அப்பா போய்க் கதைத்து முடித்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த மனிதர் சைக்கிள் மணி அடித்தால் வீட்டின் பின் கோடிக்குள் ஒளிப்பேன். கொழும்புக்குப் போகும் வரைக்கும், மூன்று வருடம், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத்தான் முடிந்தது. எனக்கு முடியவில்லை. இன்றைக்கும் இங்கே தபால்காரர் மாடிப்படி ஏறி வந்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கடிதத்துக்குத்தான் பயம் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் அபியின் அறைக் கதவைத் தட்டினேன். அட்டையை மேசையில் வைத்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், பணியாரம் தின்றது உட்பட.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மனுசி என்னைக் கேட்டவவோ?"

"ஓம்."

"மூண்டு கிழமையாவோ?"

"ஓம், பிள்ளை."

"நான் ஒரு கிழமையா நல்லாச் சாப்பிட்டுக்கொண்டு திரியிறன் அப்பா. நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனியள்."

அட்டையை எடுத்துக் கிழித்தாள். இரண்டாக, நாலாக. ராணி கதவடியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அடுத்த நான்கு நாளும் அபி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. திரும்பவும் சாப்பாடு இல்லை. நானே என் கையால் என் பிள்ளையை முன்னதைவிட ஆழமான கிடங்கில் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன். பொய்யாவது அவளுக்கு ஒரு பிடி சோறு போட்டது.

8

ஐந்தாம் நாள் அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடையில் நின்றாள்.

"விலாசத்தைத் தாங்கோ."

"நானும் வாறன்."

"வாங்கோ. ஆனா உள்ளுக்கு வரவேண்டாம்."

போர்க்ஹில் அதற்கிடையில் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அதே கேற்றடியில் நின்றேன். அபி மணியை அடித்தாள். ஆர்னே கதவைத் திறந்து, அவளைப் பார்த்து, வழி விட்டார். கதவு மூடியது. நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் நான் நினையாத கெடுதல் இல்லை. திட்டியிருப்பார்களோ, பொலிஸைக் கூப்பிட்டிருப்பார்களோ, பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாளோ. இரண்டு தரம் கேற்றின் கொளுக்கியில் கை வைத்தேன். இரண்டு தரமும் எடுத்தேன்.

அபி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னவ?"

"கோபமாம். இன்னும் கோபமாம். இடுப்பைக் காட்டினவ. தையல் போட்ட இடத்தைப் பாக்கச் சொன்னவ."

"நீ?"

"பாத்தனான்."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"வியாழக்கிழமை வரச் சொன்னவ. கடைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம். தனியப் போகப் பயமாம்."

"ஆர்னே இருக்கிறார்தானே?"

"அவர் வேண்டாமாம். நான்தான் வரவேண்டுமாம்."

கடைக்குப் போகவேண்டுமென்றால் அந்தக் கடவையைக் கடக்கவேண்டும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 

பொலிஸ் முடிவையும் சொல்லிவிடுகிறேன், அக்கா நெஞ்சிடியோடு இருப்பாள். லைசென்ஸை ஆறு மாதத்துக்கு எடுத்துவிட்டார்கள், ஒரு தண்டமும் போட்டார்கள். படிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது வந்தது தை மாதத்தில். அந்த வியாழக்கிழமை எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வியாழக்கிழமை நான் உடம்புக்கு வருத்தம் என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றேன். வரவேண்டாம் என்று அபி சொல்லியிருந்தாள். எனக்கு அடங்கியிருக்க முடியுமா? கடவைக்கு மறுபக்கத்தில், கடைப் பக்கமாக, பஸ் தரிப்பிடக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். மூன்று மணி, வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நிலம் பளிங்காக இறுகியிருந்தது.

அவர்கள் வந்தார்கள். போர்க்ஹில்லை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். சின்ன மனுசி, சிவப்புத் தொப்பி, கையில் ஊன்றுகோல். மறு கையை அபியின் கைக்குள் கோத்திருந்தார். கடவைக்கு வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

ஒரு கார் வந்து நின்றது. அவர்கள் நகரவில்லை. ஓட்டுநர் போங்கள் என்று கையைக் காட்டினார். நகரவில்லை. பின்னால் இன்னொரு கார், அதற்குப் பின்னால் ஒரு வான். அபியின் வாய் திறந்திருந்தது, மூச்சு வெள்ளைப் புகையாக வேகமாக வந்துகொண்டிருந்தது. கிழவி ஊன்றுகோலை முன்னால் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். யாரோ ஒருவர் ஹோர்ன் அடித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, வீதிக் கரை மட்டும் ஓடிவிட்டேன். இரண்டு எட்டு வைத்தால் அவளுடைய கையைப் பிடித்துவிடலாம்.

அபி என்னைக் கண்டாள்.

கிழவியின் கையை விடாமல், மற்றக் கையைத் தூக்கி, உள்ளங்கையை எனக்கு நேரே விரித்துக் காட்டினாள். வரவேண்டாம், அங்கேயே நில்லுங்கோ.

பிறகு காலை எடுத்து வைத்தாள்.

நான் நின்றேன்.